பழைய பட்டிச் சுவருக்குக் காதுள்ள சுவிட்சுப் பெட்டி

2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற, மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனில், எங்கள் பழைய வீட்டு மாடியின் தடுப்புச் சுவர் செங்கல்லால் ஆனதன்று. மரச்சட்டங்களின் மேல் மெல்லிய மரப்பட்டிகளைச் சிறு இடைவெளி விட்டு அறைந்து, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசியது. அந்த இடைவெளிகளில் பிதுங்கிப் பின்புறம் இறுகிய சாந்தே பூச்சைத் தாங்குவதால், சுவிட்சுப் பெட்டிக்கு ஓட்டை போட உளியால் ஓங்கி அடித்தால் அதைச் சுற்றியுள்ள பூச்சும் பெயர்ந்துவிடும். முதலில் வந்த வயர்மேன் அதைத்தான் செய்தார். அவரைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

பிறகு, பக்கங்களில் காதுகள் உள்ள பிளாஸ்டிக் பெட்டியை வாங்கினேன். இது மரச்சட்டத்தை நம்பாமல், முன்விளிம்புக்கும் பின்னால் விரியும் காதுகளுக்கும் இடையே சுவரையே கவ்விக்கொள்கிறது. அடுத்து வந்த வயர்மேன் மெயின் சுவிட்சை அணைத்து, வரைந்த கோட்டைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, சாந்தை மட்டும் முதலில் கீறி எடுத்தபின், அதிரும் அலகுள்ள மின்கருவியால் பட்டிகளை அறுத்தார். கைரம்பம் பட்டிகளை இழுத்து ஆட்டிவிடும் என்று அவர் சொன்னது முற்றிலும் சரி.

குறைகளும் உண்டு. சீரான ஜிப்சம் பலகைக்காகச் செய்யப்பட்ட காதுகள், பின்புறச் சாந்துக் கட்டிகளில் சரியாகப் படியாததால், அக்கட்டிகளைச் சற்றுச் சுரண்ட வேண்டியிருந்தது. திருகை அளவுக்கு மீறி முடுக்கினால் ஓட்டையின் விளிம்பு நொறுங்கும். பெட்டியின் 35 மி.மீ. ஆழத்தில் இரண்டு கேபிள்களை மடக்கி வைப்பதும் சிரமம். அடுத்த அறைக்கு 47 மி.மீ. ஆழமுள்ள பெட்டியையே வாங்குவேன்.