'நூறு சதவீதம் சுத்தமான ஆலோவெரா பட்டர்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

லிப் பாம், குதிகால் வெடிப்புக்குத் தடவும் பாம் எல்லாம் வீட்டிலேயே செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பது என் வழக்கம். போன சித்திரையில் இன்ஸ்டாகிராமில் ஒருவரிடம் பாமில் சேர்க்க அரை கிலோ ஆலோவெரா பட்டர் (கற்றாழைச் சத்து சேர்த்த, வெண்ணெய் போன்ற கொழுப்பு) 750 ரூபாய்க்கு வாங்கினேன். 'கற்றாழையிலிருந்து நேரடியாகப் பிழிந்தது, வேறு எதுவும் கலக்காதது' என்று போட்டிருந்தார்கள்.

டப்பாவைத் திறந்தபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இளம்பச்சை நிறம், தூக்கலான வாசனை. அந்த வெயிலில் மூன்று நாள் கூரியரில் கிடந்து வந்தும் கொஞ்சம்கூட இளகவில்லை.

சோற்றுக்கற்றாழையைச் சீவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பது முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர்தான். ஷியா என்ற ஆப்பிரிக்க மரத்தின் கொட்டையில் இருப்பது போலப் பிழிந்தெடுக்கக் கொழுப்பு அதில் கிடையாது. கடையில் ஆலோவெரா பட்டர் என்று வருவது, கற்றாழைச் சாற்றின் சத்தைப் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்க் கொழுப்பில் சேர்த்துச் செய்வது. வெள்ளையாகவோ லேசான தந்த நிறத்திலோ இருக்கும், விரலில் எடுத்ததும் உருகும். அப்படிச் சொல்லி விற்பதில் தப்பே இல்லை, நல்ல பொருள்தான். ஆனால் எனக்கு வந்தது அது அல்ல.

தேன்மெழுகோடு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கினேன். கலவை தெளியவே இல்லை, அடியில் கலங்கலாக நின்றது. நான் சரியாகக் கலக்கவில்லை என்று நினைத்து இன்னும் கலக்கி ஊற்றிவிட்டேன். அடியில் நின்றது தண்ணீர். பட்டர் என்று பச்சைச் சாயம் போட்ட கிரீமை அனுப்பியிருக்கிறார்கள்.

எண்ணெயும் மெழுகும் மட்டும் உள்ள பாமில் பூஞ்சை சுலபத்தில் வராது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ் வேண்டும். நான் போட்டிருந்தது வைட்டமின் ஈ மட்டும். அது எண்ணெய் சிக்கடிக்காமல்தான் காக்கும், கிருமியைத் தடுக்காது.

பதினைந்து நாள் கழித்து அத்தை போன் செய்தார். "ஏம்மா, டப்பாவுல கறுப்புக் கறுப்பா புள்ளி வந்திருக்கே, போடலாமா?" அத்தைக்குச் சர்க்கரை உண்டு. குதிகால் வெடிப்பில் அதற்குள் பத்து நாள் தடவியிருந்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்லவேளை, புண் ஆகவில்லை.

விற்றவரிடம் கேட்டால், "வெயிலுக்கு அப்படித்தான் ஆகும் மேடம்." சரி, என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். உடனே பிளாக். அப்போதுதான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, சேர்மானப் பட்டியலும் இல்லை.

வாங்கி வைத்திருப்பவர்கள் ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் வைத்து உருக்கிப் பாருங்கள். முழுக்கத் தெளிந்த எண்ணெயாக வேண்டும். கலங்கினாலோ இரண்டாகப் பிரிந்தாலோ தோலில் வைக்காதீர்கள். வாங்கும் முன்பே சேர்மானப் பட்டியலைக் கேளுங்கள். அதில் எண்ணெய் எதுவும் இல்லாமல் கற்றாழை மட்டும் இருந்தால் அது பொய்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். மிச்சத்தை அப்படியே மூடி வைத்திருக்கிறேன். பதினொரு பேருக்குப் பாம் கொடுத்திருந்தேன், ஒன்பது டப்பா திரும்பி வந்துவிட்டது. கல்யாண வீட்டில் என்னிடம் வாங்கிப்போன இருவரின் நம்பர் என்னிடம் இல்லை. மஞ்சள் மூடி போட்ட சின்ன டப்பா. இதைப் படித்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.