தி வாஸ்ப் ஃபேக்டரியா, தி க்ரோ ரோடா?

இந்த இரண்டு நாவல்களில் எதை முதலில் படிப்பது என்பதுதான் கேள்வி. இரண்டையும் எழுதியவர் ஸ்காட்லாந்தின் இயன் பேங்க்ஸ். இரண்டிலும் குடும்பம் மூடி மறைத்த ஒரு விஷயம் உண்டு. ஆனால் வாசகர்கள் அவற்றைப் பற்றிப் பேசும் விதம் அடியோடு வேறு.

1984-இல் வந்த தி வாஸ்ப் ஃபேக்டரி அவருடைய முதல் நாவல், அளவில் சிறியது. கரையோரத் தீவில் அப்பாவோடு வாழும் 16 வயது ஃபிராங்க் தான் செய்த கொலைகளைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறான். விலங்குகளை வதைக்கும் பக்கங்களைத் தாண்ட முடியாமல் பாதியில் மூடியவர்கள் நிறைய. அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை, அந்தப் பக்கங்கள் உண்மையிலேயே கொடூரமானவை. வெளிவந்தபோதே விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பின்னர் வந்த பதிப்புகளில் பாராட்டோடு திட்டையும் சேர்த்தே அச்சிட்டார்கள். கடைசியில் உடையும் ரகசியம் சிலருக்குப் பேரதிர்ச்சி, சிலருக்கு வலிந்து திணித்தது.

1992-இல் வந்த தி க்ரோ ரோடு பெரிய நாவல். ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில் மெக்ஹோன் குடும்பம். காணாமல்போன சித்தப்பா ரோரி விட்டுச்சென்ற காகிதங்களை வைத்து, கல்லூரி மாணவன் ப்ரென்டிஸ் உண்மையைத் தேடுகிறான். காலம் முன்னும் பின்னும் தாவுவதால் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்புகிறது என்பதுதான் பொதுவான புகார். நியாயமான புகார்தான். ஆனால் கடவுள் நம்பிக்கையால் அப்பாவும் மகனும் பேசாமல் போகிற பகுதி எந்த மர்மத்தையும்விட ஆழமாக வலிக்கிறது.

என்னைக் கேட்டால் தி க்ரோ ரோடுதான் முதலில். குடிப்பேச்சு, சண்டை, சவ அடக்கம் என்று ஒரு முழுக் குடும்பமே அதில் உயிரோடு இருக்கிறது. மற்றதை மனத்திடம் இருக்கும்போது எடுங்கள், முடிவை யாரிடமும் கேட்காமல்.