காலிஃபிளவரா, கோஸா, சுரைக்காயா, கத்தரியா? மைதா இல்லாத பீட்சாவுக்கு ஏற்ற பேஸ் எது

மைதா வேண்டாம் என்று முடிவெடுத்ததும் கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு முதலில் கை போவது கேழ்வரகு டப்பாவுக்குத்தான். களி கிண்டிப் பழகிய ஊர், வேறெப்படி இருக்கும்? "ராகியில் பேஸ் போட்டால் சர்க்கரைக்காரர்களும் சாப்பிடலாமே" என்று சொல்லிவிடுகிறோம். கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மைதாவில் 75 கிராம் சொச்சம். மாவுச்சத்தைக் குறைக்கத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்றால் இந்த மாற்றத்தால் பெரிய பலன் இல்லை. காய்கறிக்குத்தான் போகவேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை. பேரப்பிள்ளைகள் பீட்சா சாப்பிடும்போது அவர் மட்டும் தனியாக உப்புமாவோடு உட்காருவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நான்கு காய்களையும் செய்து பார்த்தேன். நான்குமே உழவர் சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பவை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் காலிஃபிளவரும் கோஸும் குடமிளகாயும் நிறைய விளைவதால் நமக்கு வாடாத சரக்காகவே கிடைக்கிறது.

100 கிராமுக்கு எவ்வளவு மாவுச்சத்து என்று பார்த்தால், சுரைக்காயில் மூன்றரை கிராம் அளவில்தான் இருக்கிறது. காலிஃபிளவரில் 5, கோஸிலும் கத்தரியிலும் 6 கிராம் அளவு. மைதாவுக்குப் பக்கத்தில் வைத்தால் இந்த நான்குக்குள் இருக்கும் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அதனால் மாவுச்சத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. பார்க்க வேண்டியது தண்ணீரை. இந்தக் காய்கள் எல்லாமே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீர் இருக்கும்வரை காய் நூறு டிகிரிக்கு மேல் சூடேறாது. அதுவரை வேகுமே தவிர சிவக்காது. கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கிற பசைத்தன்மையும் காய்க்குக் கிடையாது. முட்டையும் சீஸும்தான் பிடித்து வைக்கின்றன. ஈரம் அதிகமானால் அவற்றாலும் முடியாது.

இந்தக் கணக்கில் காலிஃபிளவர் முந்துகிறது. அரை கிலோ பூவைப் பிரித்து, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் புழு இருந்தாலும் வெளியே வந்துவிடும். ஈரம் போகத் துடைத்துவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தொடர்ந்து ஓட்டினால் சட்னியாகிவிடும். இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவி காட்டி, நன்றாக ஆறவிட்டு, பருத்தித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். முதலில் தாராளமாக ஒழுகும், பிறகு சொட்டும், அப்புறம் நின்றுவிட்டது போலிருக்கும். அங்கே நிறுத்தக்கூடாது. துணியைப் பிரித்து, பூவைக் கிளறிவிட்டு மறுபடி முறுக்கினால் இன்னும் வரும். துணிக்குள் இருப்பது உலர்ந்த உருண்டையாகி, உதிர்த்தால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

அதில் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி துருவிய மொசரெல்லா, மிளகுத்தூள், உப்பு. பட்டர் பேப்பரில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அழுத்திப் பரப்பி, 200 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஓரம் சிவந்ததும் திருப்பிப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். மேலே எதையும் வைக்காமலே பேஸ் முழுதாக வெந்துவிட வேண்டும். இதில் அவசரப்பட்டால் நடுப்பகுதி கொழகொழவென்றுதான் இருக்கும். இப்படிச் செய்த துண்டு கையில் எடுத்தால் மடங்காமல் நிற்கும். அரை கிலோ காலிஃபிளவரில் மொத்தமே 25 கிராம் மாவுச்சத்து, அதிலும் பத்து கிராம் நார்ச்சத்து. அதே அளவு பேஸுக்கு 150 கிராம் மைதா போட்டால் 110 கிராமைத் தாண்டும்.

ஆனால் ஓவன் இல்லாத வீட்டில் காலிஃபிளவரை நான் சொல்லமாட்டேன். தோசைக்கல்லில் திருப்பும்போது உடைந்துவிடும். அங்கே கோஸ்தான் கைகொடுக்கும். மெல்லிசாகச் சீவி உப்பு பிசறி அரைமணி நேரம் வைத்தால் தானாகவே தண்ணீர் விடும். கையால் பிழிந்தாலே போதும், ஆவி காட்டும் வேலை இல்லை. நீளநீளமான இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் இரண்டு முட்டை ஊற்றினால் ஊத்தப்பம் போல ஒரே வட்டமாகத் திரும்பும். சிறுதீயில் மூடி வைத்து, திருப்பி, மேலே சீஸ் போட்டு மறுபடி மூடினால் உருகிவிடும். மொறுமொறுப்பு கிடையாது. கோஸ் வாசனையும் கொஞ்சம் இருக்கும். சீரகமும் பச்சைமிளகாயும் சேர்த்தால் அது தெரியாது. முட்டை சாப்பிடாதவர்கள் இரண்டு மூன்று ஸ்பூன் கடலை மாவு சேர்க்கலாம், மாவுச்சத்து கொஞ்சம்தான் கூடும்.

சுரைக்காயை எவ்வளவு பிழிந்தாலும் அடுப்பில் வைத்ததும் மறுபடி நீர் விடுகிறது. அதைக் கூட்டுக்கே வைத்துக்கொள்ளலாம். பெரிய கத்தரிக்காயை வட்ட வட்டமாக நறுக்கி, உப்பு தடவி, துடைத்து, இருபுறமும் சுட்டுச் சின்னச் சின்ன பீட்சாவாகச் செய்தால் ருசியில் நான்கிலும் இதுதான் மேல் என்பேன். சாஸும் சீஸும் அதில் அப்படி ஊறிப் பிடிக்கும். ஆனால் கையில் பிடித்துக் கடிக்க முடியாது, ஸ்பூன் வேண்டும். பிள்ளைகள் இதைப் பீட்சா என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

பேஸ் எதுவானாலும் சாஸில் கோட்டைவிடக் கூடாது. பாட்டில் கெச்சப்பில் 100 கிராமுக்கு 25 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, பெரும்பகுதி சர்க்கரை. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் தக்காளி வந்து குவிகிற ஊரில் இருந்துகொண்டு அதை வாங்கவே தேவையில்லை. சதைப்பற்றான தக்காளியாக எடுத்துப் பூண்டோடு வதக்கி, கரண்டியில் எடுத்தால் வழியாத அளவுக்குச் சுண்ட வைத்தால் போதும். தண்ணியாக இருந்தால் நாம் பிழிந்த பிழிச்சலெல்லாம் வீண். குடமிளகாய், காளானையும் வதக்கியே போடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைக்கும்முன் மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம். மருந்து அளவு பழையபடியே இருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடக்கூடும்.

காலிஃபிளவர் பேஸில் இன்னொரு வசதியும் உண்டு. ஓய்வான நாளில் நாலைந்து வட்டங்களைச் சுட்டு ஆறவைத்து, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீஸரில் அடுக்கிவிடலாம். வேண்டும்போது எடுத்து, பனி விடுவதற்கெல்லாம் காத்திருக்காமல் நேராக ஓவனில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். வெளியே வைத்து உருக விட்டால் திரும்பவும் ஈரமாகிவிடும்.