கால் எடுத்த நாய்க்கு ‘வலியில்லா மறுவாழ்வுத் தொகுப்பு’ன்னு யாராவது வித்தா வாங்காதீங்க

ஒரு மாதச் சம்பளம். முழுசா போச்சு. வண்டியில அடிபட்டு ஒரு பின்னங்காலை எடுத்த எங்க டைகருக்கு வலி தெரியாம பார்த்துக்கிறோம்னு சொல்லி, செல்லப்பிராணிகளுக்கான ஒரு இணையவழிச் சேவை வாங்கிட்டுப் போன பணம். பேரைப் போடல. போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு ஏற்கெனவே மிரட்டிட்டாங்க. என்னென்ன கவனிக்கணும்னு கீழே விவரமா சொல்றேன், முதல்ல நடந்ததைப் படிங்க.

அவங்க வித்தது இதுதான். கழுத்துல மாட்டுற பட்டை ஒண்ணு. இதயத் துடிப்பை அளந்து, வலி எவ்வளவுன்னு செயலியில பச்சை, மஞ்சள், சிவப்பா காட்டுமாம். கூடவே ‘இயற்கை வலி நிவாரணி’ சொட்டு மருந்து. எந்நேரமும் போன்ல பேச ஒரு ‘நிபுணர்’.

நான் விழுந்தது அந்த முதல் போன்லதான். பணத்தைப் பத்தி அந்தப் பொண்ணு வாயே திறக்கல. நாய் பேர் கேட்டாங்க. எந்தப் பக்கமா படுக்குறான், தையலை நக்குறானான்னு கேட்டாங்க. அப்புறம், “நீங்க தூங்குனீங்களா?”ன்னாங்க. டைகருக்கு ஆபரேஷன் ஆனதுல இருந்து என்னை அப்படி ஒருத்தரும் கேட்கல. “எங்க வீட்டு நாய்க்கும் மூணு கால்தாங்க”ன்னு மெதுவா சொன்னாங்க பாருங்க, அந்த நிமிஷமே பணத்தை அனுப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில கொடுத்த மாத்திரை முடிஞ்சதும் ஆரம்பிச்சுது. ராத்திரியில சும்மா படுத்திருக்கும்போதே நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பான். ஒரு இடத்துல படுக்க மாட்டான், எழுந்து மாறி மாறிப் படுப்பான். நல்லா தூங்கிட்டிருக்கும்போதே வீல்னு கத்திட்டு எழுந்து, கால் இல்லாத அந்தப் பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். செயலியில பச்சை. அவன் கத்தும்போதும் பச்சைதான்.

நிபுணரைக் கூப்பிட்டா, புது நடைக்குப் பழகுறான்னாங்க. அடுத்த தடவை, சொட்டை ரெண்டு மடங்கு ஆக்குங்க. அதுக்கப்புறம் வீடியோ அனுப்புங்க. அனுப்பினா திறக்கலையாம், மறுபடி அனுப்பணுமாம். “டாக்டர்கிட்ட போனா மயக்கத்துல போட்டுடுவாங்க, எதுக்கு வீண் செலவு?”ன்னு அக்கறை வேற. வீண் செலவைப் பத்திப் பேசுறது யாரு பாருங்க! கடைசியா ஒரு ஆம்பளைக் குரல் வந்துச்சு. “சாப்பிடுறான்ல? வால் ஆட்டுறான்ல? அப்ப வலி இல்லங்க. எங்க வீட்டு நாய்க்கும் மூணு கால்தாங்க.” அந்த ஆபீஸ்ல எல்லார் வீட்டு நாய்க்கும் மூணு கால்தான் போலிருக்கு.

வயிறு எரிஞ்சது அப்பதான். வலியோடவே சாப்பிடுற நாய், வீட்டு ஆளைப் பார்த்ததும் வலியோடவே வால் ஆட்டுற நாய் எத்தனையோ இருக்கு. இதை எனக்குச் சொன்னது, நேர்ல டைகரைத் தொட்டுப் பார்த்த கால்நடை மருத்துவர். காயம் நல்லா ஆறியிருக்கு, வலி நரம்புல இருக்குன்னாங்க. வெட்டுப்பட்ட நரம்பு தப்புத் தப்பா சேதி அனுப்பிக்கிட்டே இருக்கலாம், அதனால இல்லாத கால் வலிக்கிற மாதிரி நாய்க்கும் தோணலாம்னு விளக்கினாங்க. மிச்சமிருக்கிற பின்னங்காலும் முதுகும் கூடுதல் பாரத்துல இறுகிப் போயிருந்துச்சு. நரம்பு வலிக்குக் காபாபென்டின், கூட வீக்கத்தைக் குறைக்க நாய்களுக்கான ஒரு வீக்க மாத்திரை. அதுல அடங்கலைன்னா அமன்டடைன்ங்கிற இன்னொரு மருந்தையும் சேர்க்கலாம்னாங்க.

பட்டையைக் காட்டினேன், சிரிச்சிட்டாங்க. ஓடினாலும் பயந்தாலும் சந்தோஷப்பட்டாலும் துடிப்பு ஏறும், அதை மட்டும் வச்சு வலியைச் சொல்ல முடியாதாம். அவங்க பயன்படுத்துற கிளாஸ்கோ வலி அளவுகோல்ல துடிப்புங்கிற கேள்வியே கிடையாது. முனகல், காயத்தை நக்குறது, எழுந்து நடக்கிற விதம், காயத்தைச் சுத்தித் தொட்டா என்ன செய்யுது, மனநிலை, உட்கார்ற படுக்கிற விதம், இதுக்கெல்லாம் மதிப்பெண். மொத்தம் 24. 6 அல்லது அதுக்கு மேல வந்தா வலி மருந்தைப் பத்தி யோசிக்கணும். நடக்க வைக்க முடியாத நாய்னா மொத்தம் 20, அதுல 5 வந்தாலே யோசிக்கணும். பார்க்கிறதுக்குக் கண்ணும் கையும் போதும், ஒரு மாதச் சம்பளம் வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். திறந்த பொருளுக்குக் கிடையாதாம். திறக்காம சொட்டு மருந்தை எப்படிங்க கொடுக்கிறது? அந்தப் பாட்டில்ல ‘மூலிகைச் சாறு’ன்னு மட்டும் போட்டிருக்கு, என்ன மூலிகை, எவ்வளவுன்னு ஒரு எழுத்து இல்ல. புகார் எண் ஒண்ணு கொடுத்தாங்க; அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டா அப்படி ஒரு புகாரே பதிவாகலையாம்.

விவரமா சொல்றேன்னேன், கோபத்துல வரிசையா வரமாட்டேங்குது. அவசரத்துக்கு இதை மட்டும் பிடிச்சுக்கங்க. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்போதே, மருந்து தீர்ந்தப்புறம் வலி வந்தா யாரைக் கூப்பிடணும்னு கேட்டு வாங்கிக்கங்க. ராத்திரி இரைக்கிறது, கத்துறது, வெட்டின இடத்தைக் கடிக்கிறது இருந்தா போன்ல எடுத்துட்டு மருத்துவரையே நேர்ல பாருங்க. நாம வலிக்குப் போடுற இபுபுரூஃபென், நாப்ராக்சென் நாய்க்கு விஷம், பாவம்னு கொடுத்துடாதீங்க. வீக்க மாத்திரை கொடுக்கும்போது வாந்தி, கருப்பா மலம் வந்தா நிறுத்திட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்க. வீக்க மாத்திரையோட ஸ்டீராய்டு சேரவே கூடாது. காபாபென்டினைத் திடீர்னு நிறுத்தாதீங்க. மனுஷங்களுக்கான காபாபென்டின் திரவத்துல சைலிட்டால்ங்கிற இனிப்பு கலந்திருக்கலாம், அது நாய் உயிரையே எடுத்துடும், மருந்துக்கடையில எடுத்துக் கொடுத்தாலும் பாட்டிலைத் திருப்பிப் படிங்க.