ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்று சொல்லி எங்களிடம் விற்றது: கீழக்கரையிலிருந்து ஓர் எச்சரிக்கை

கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களிடம், "இதைச் சுவரில் மாட்டினால் வீட்டுக்குள் ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டாது" என்று சொல்லி, ஏசியை இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவியை விற்க யாரேனும் வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவை ஒரு முறை படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் 46,000 ரூபாய் கொடுத்து ஐந்து மாதம் அந்தக் கருவியை நம்பியிருந்தோம். அது எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தவில்லை என்பது, உம்மாவுக்கு இளைப்பு முற்றி இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகுதான் தெரிந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் வீடு கீழக்கரையில், மொட்டை மாடியில் நின்றால் மன்னார் வளைகுடா தெரியும் தூரத்தில் இருக்கிறது. துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்), மாடியின் கூடத்துக்கும் மூன்று அறைகளுக்குமாகச் சேர்த்து ஐந்தரை டன் டக்ட் ஏசி (குழாய் வழியே எல்லா அறைக்கும் குளிர்காற்று அனுப்பும் ஏசி) ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தார். குளிர்ச்சிக்குக் குறையில்லை, ஈரந்தான் தொல்லை. பீரோவில் மடித்து வைத்த துணியில் பூசணம் பூக்கும். வாப்பா சேர்த்து வைத்த பழைய பத்திரங்களின் ஓரம் கறுக்கும். மரக்கதவு ஊதிப் போய் நிலையில் சிக்கும். கடற்காற்றில் வரும் உப்புத்தூள் சுவரிலும் துணியிலும் படிந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தொட்டதும் அந்த உப்பே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும் என்பதால், உள்நாட்டு ஊர்களில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஈரம் இங்கே பிசுபிசுப்பாகவும் துருவாகவும் மாறுகிறது. கொண்டல் என்னும் கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் இதைச் சொல்லி முடியாது.

சென்ற ஜூன் மாதம், ஏசி பராமரிப்புக்கு வந்த கடைக்காரர்தான் இந்த யோசனையைச் சொன்னார். வெளிநாட்டுத் தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கிறது, வாரம் முழுவதற்கும் நேர அட்டவணை போட்டுக்கொள்ளலாம், வெப்பநிலையைப் போலவே ஈரப்பதத்தையும் எண்ணாகக் குறித்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினார். கருவிக்கு 31,000, அமெரிக்க வகைக் கருவி 24 வோல்ட்டில் ஓடுவதால் அதற்கான டிரான்ஸ்ஃபார்மர், ரிலே ஆகியவற்றுக்கு 6,000, பொருத்தும் கூலி 9,000 என்று கணக்குச் சொன்னார். "எங்கள் ஏசிக்கு இது ஒத்துப்போகுமா?" என்று நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் தயக்கமில்லாமல் "எல்லா டக்ட் ஏசிக்கும் ஒத்துப்போகும்" என்றார். நாங்கள் பணம் கொடுத்தது அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான்.

பொருத்த வந்த தம்பி ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். திரையில் ஈரப்பத இலக்காக 55 என்று குறித்துக் காட்டினார். காற்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஈரம் குறையும் என்று சொல்லி, ஏசியின் மின்விசிறியை எப்போதும் ஓடும்படி ‘ஆன்’ நிலையில் வைத்தார். "இனி எதையும் தொடாதீங்கக்கா, அதுவே கத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விளக்கக் கையேட்டைக் கேட்டதற்கு, கடையில் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார். அது இன்றுவரை வரவில்லை.

முதல் வாரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. காலை எட்டு மணி ஆனால் ஏசி குளிர்விப்பதை நிறுத்திவிடும். 24 டிகிரிக்கு மாற்றினால் ஓடும். மறுநாள் எட்டு மணிக்குத் தானாகவே 29க்குப் போய்விடும். வீட்டில் ஈர வாடை முன்பைவிடக் கூடியது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, முதலில் பழகும்வரை பொறுக்கச் சொன்னார்கள். பிறகு கதவைத் திறந்து மூடுகிறீர்கள் என்றார்கள். செப்டம்பரில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "கடல் காத்து அப்படித்தான் இருக்கும்க்கா" என்று சொல்லி, 58,000 ரூபாய்க்குத் தனியாக ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கச் சொன்னார். உம்மாவின் மூச்சுத் திணறலைப் பார்த்து நான் அதற்கும் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தேன்.

கத்தாரில் ஏசி தொழில்நுட்பராக வேலை செய்யும் என் சாச்சி (சின்னம்மா) மகன் நவம்பரில் விடுமுறைக்கு வந்தது எங்கள் நல்ல காலம். சுவரில் இருந்த கருவியின் முகப்பை இழுத்துக் கழற்றியதும், "லாத்தா, இங்க வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பின்தகட்டில் மின்சாரம் வரும் இரண்டு முனைகள், குளிர்விப்பை நடத்தும் கம்ப்ரஸருக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று என நான்கில் மட்டுமே ஒயர் இருந்தது. ‘டிஹம்’ என்று எழுதியிருந்த, ஈரம் குறைக்கும் கட்டளை போகவேண்டிய முனை வெறுமையாக இருந்தது.

ஒயர் கொடுக்க மறந்துவிட்டார்கள் என்றால்கூட மன்னித்துவிடலாம். விஷயம் அதைவிட மோசமானது. அந்த முனையின் வேலை, வேகம் மாற்றக்கூடிய மின்விசிறி உள்ள ஏசியில் விசிறியை மெதுவாக ஓடச் செய்வது. காற்று மெதுவாகப் போனால் குளிர்ச்சுருள் இன்னும் குளிர்ந்து, அதன்மேல் கூடுதலாக நீர் கோத்து வடியும். எங்கள் ஏசியின் விசிறிக்கு ஒரே வேகம்தான். ஆகவே அந்த முனையில் ஒயர் கொடுத்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பது, மூன்று ஆண்டுகளாக அதே ஏசியைப் பராமரித்து வந்த அந்தக் கடைக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஒரே வேக ஏசிக்கு அந்தக் கருவியில் வேறொரு வழி இருந்தது: வெப்பநிலை இலக்கை எட்டிய பிறகும் ஈரப்பதம் அதிகமாக இருந்தால், இலக்குக்குக் கீழே 3 பாரன்ஹீட் டிகிரிவரை, அதாவது ஒன்றரை செல்சியஸ் டிகிரிக்குச் சற்று அதிகமாக, கம்ப்ரஸரைத் தொடர்ந்து ஓட்டுவது. பொருத்துபவர் மட்டும் திறக்கும் அமைப்புப் பட்டியலில் அந்த வசதி அணைந்தே கிடந்தது. திரையில் 55 என்று எழுதிய அந்த எண், எந்தக் கட்டளையையும் எங்கேயும் அனுப்பாத வெறும் எண்ணாக ஐந்து மாதம் நின்றிருக்கிறது.

மின்விசிறியை ‘ஆன்’ நிலையில் வைத்ததுதான் நேரடியாகத் தீங்கு செய்தது. கம்ப்ரஸர் ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் குளிர்ச்சுருளில் நீராகக் கோத்து வடிகுழாய் வழியே வெளியேறுகிறது. கம்ப்ரஸர் நின்ற பிறகும் சுருள் நனைந்தபடிதான் இருக்கும்; அப்போதும் விசிறி ஓடினால் அந்த நீர் ஆவியாகி மறுபடியும் அறைகளுக்கே திரும்புகிறது. காசு கொடுத்து எடுத்த ஈரத்தையே நாங்கள் இரவு முழுவதும் உம்மாவின் அறைக்குள் ஊதிக்கொண்டிருந்தோம். கடலோரத்தில் விசிறி ‘ஆட்டோ’ நிலையில், கம்ப்ரஸரோடு சேர்ந்தே நிற்கும்படி இருக்கவேண்டும்.

நேர அட்டவணையையும் அவர்கள் தொடவே இல்லை. அமெரிக்காவின் மின்சேமிப்புத் திட்டமான எனர்ஜி ஸ்டார் முன்பு வகுத்த அட்டவணையே தொழிற்சாலை அமைப்பாகப் பதிந்திருந்தது: காலை 6 மணிக்கு 78 பாரன்ஹீட், 8 மணிக்கு 85, மாலை 6 மணிக்கு 78, இரவு 10 மணிக்கு 82. எல்லோரும் எட்டு மணிக்கு வேலைக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பும் வீட்டுக்கு எழுதிய கணக்கு அது. 85 பாரன்ஹீட் என்பது 29.4 செல்சியஸ், உம்மா பகல் முழுவதும் படுத்திருக்கும் வீட்டில் பத்து மணி நேரம் ஏசி குளிர்விக்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம். நாங்கள் கையால் 24 என்று மாற்றியதெல்லாம் தற்காலிக மாற்றமாகவே பதிவாகி, அட்டவணையின் அடுத்த நேரம் வந்ததும் அழிந்துபோயிருக்கிறது. நிலையாக வைக்க ‘ஹோல்டு’ பொத்தானை அழுத்தவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கருவி தானாகக் கற்றுக்கொள்ளும் என்பதும் பொய். அந்த மாதிரியில் அப்படி ஒரு வசதியே கிடையாது.

இன்னும் இரண்டு குறைகள் இருந்தன. கருவிக்குப் பின்னால் ஒயர் வரும் குழாயின் வாயை அடைக்காமல் விட்டதால், ஃபால்ஸ் சீலிங்கின் மேலிருந்த வெப்பம் நேராகக் கருவியின் உணரியின்மேல் (சென்சார்) இறங்கியது. காற்று சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம், அதாவது அது தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற எண், குறைவாகத் தெரியும். 26 டிகிரியில் 70 சதவீதமாக இருக்கும் காற்று, 28 டிகிரிக்குச் சூடானால் 62 என்று காட்டும். இதனால் கருவி எப்போதும் உண்மையைவிட நல்ல எண்ணையே எங்களுக்குக் காட்டிவந்தது. அடுத்தது, கம்ப்ரஸர் நின்றால் மறுபடி ஓடுவதற்குமுன் ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டிய பாதுகாப்பைச் சுழியமாக்கியிருந்தார்கள். மின்வெட்டும் தாழ்ந்த மின்னழுத்தமும் உள்ள எங்கள் ஊரில் அது கம்ப்ரஸரையே எரித்துவிடக்கூடியது. ஆகஸ்டிலிருந்து பிரேக்கர் அடிக்கடி விழுந்ததற்கு இதுவே காரணம் என்று சாச்சி மகன் சொன்னான். ஐந்து நிமிடத்துக்கு மாற்றிய பிறகு ஒரு முறையும் விழவில்லை.

கருவி காட்டும் எண்ணை யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், அதற்கு வேண்டியது நம் மாவட்டத்தில் விளையும் பொருள்தான். இராமநாதபுரத்தில் 450 ரூபாய்க்கு ஒரு சிறிய ஈரப்பத அளவி வாங்கினோம். பாட்டில் மூடி ஒன்றில் வாலிநோக்கம் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, அளவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுவதும் மூடி வைத்தோம். ஈர உப்பின்மேல் அடைபட்ட காற்று 75 சதவீதத்தில் நிலைக்கும். எங்கள் அளவி 73 காட்டியது. ஆகவே அது காட்டுவதோடு இரண்டைக் கூட்டிக்கொண்டால் போதும். அந்த அளவியைத் தெர்மோஸ்டாட்டின் பக்கத்தில் வைத்தபோது அதில் 68, தெர்மோஸ்டாட்டில் 62. நுகர்வோர் புகாரோடு நான் இணைத்த படங்களில் முதன்மையானது, இரண்டு எண்களும் ஒன்றாகத் தெரியும் அந்தப் படம்தான்.

குழாய் வாயைச் சுவரில் பூசும் புட்டி வைத்து அடைத்தோம். விசிறியை ‘ஆட்டோ’வுக்கு மாற்றி, அட்டவணையை எங்கள் வீட்டுக்கு ஏற்ப எழுதி, அணைந்திருந்த அந்த வசதியையும் இயக்கிய பிறகு ஈரப்பதம் 58, 60 என்ற அளவில் நிற்கிறது. 55க்கு வரவில்லை, வரவும் வராது. வெளியே 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று, 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர் கோக்கும். அதனால் சன்னல் இடுக்கு வழியாக வரும் காற்றை அடைக்காமல் எந்தக் கருவியாலும் வெல்லமுடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வெப்பநிலை தானாகவே இறங்கிவிடுவதால் கம்ப்ரஸர் ஓடுவதற்கே தேவை இருக்காது. ஓடாத ஏசி ஈரத்தை எடுக்காது. தெர்மோஸ்டாட் கட்டளையிடும் கருவி மட்டுமே. ஈரத்தை எடுப்பது அதன் பின்னால் இருக்கும் இயந்திரம். மழைக்காலத்துக்குத் தனி இயந்திரம் வேண்டியிருக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அதை ஜூன் மாதமே, 46,000 ரூபாய் வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். உள் அலகும் வெளி அலகும் டிஜிட்டல் சமிக்ஞையால் பேசிக்கொள்ளும் அந்த ஏசிகளில், இத்தகைய தெர்மோஸ்டாட்டை நேரடியாக இணைக்கவே முடியாது. வெளி அலகின் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்து இயக்கலாம் என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள், ஏசியின் மின்னணுப் பலகை எரிந்துவிடும். ரிமோட்டில் இருக்கும், ஈரம் குறைக்கும் ‘ட்ரை’ நிலையை முதலில் ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் ஏசியின் மாதிரி எண்ணையும் தெர்மோஸ்டாட்டின் மாதிரி எண்ணையும் ஒரே தாளில் எழுதி, இரண்டும் ஒத்துப்போகும் என்று கையெழுத்து வாங்குங்கள். பொருத்தி முடித்ததும், வெப்பநிலை இலக்கை எட்டி கம்ப்ரஸர் நின்றபின், ஈரப்பத இலக்கை 40க்குக் குறைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். கம்ப்ரஸர் மறுபடி ஓடவோ, விசிறியின் வேகம் மாறவோ இல்லை என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, எந்த நாட்டில் செய்தது என்பன அச்சிடப்பட்டிருக்கவேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. எங்கள் பெட்டியில் அவற்றில் ஒன்றும் இல்லை, ரசீதிலும் "ஏசி சர்வீஸ்" என்று மட்டுமே எழுதியிருந்தது. உத்தரவாதம் கேட்டபோது அந்த இரண்டு வார்த்தைகளையே எங்களிடம் திருப்பிக் காட்டினார்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடைக்காரர் பொருத்தும் கூலி 9,000 ரூபாயை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார். அதை ஏற்காமல், பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதே கடையில் அதே கருவியை வாங்கியவர்கள் இந்தக் கரையில் வேறு சிலரும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்கள் இன்றே சுவரிலிருந்து முகப்பைக் கழற்றி, ‘டிஹம்’ முனையில் ஒயர் இருக்கிறதா, விசிறி எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் மட்டுமாவது பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.