வெளிச்சுவரில் பிளக் பாயின்ட்: சாதா பாக்ஸா, மூடி போட்ட பாக்ஸா?

கோரிமேட்டில் இருக்கும் எங்கள் வீட்டு போர்டிகோவில் மூன்று வருஷத்துக்குள் இரண்டு தடவை பிளக் பாயின்ட் வைத்தாகிவிட்டது. முதல் தடவை சாதாரண பிளாஸ்டிக் பாக்ஸ், இரண்டாவது தடவை மூடி போட்ட வாட்டர்ப்ரூஃப் பாக்ஸ். அதற்கெல்லாம் முன்னால் ஆறு மாதம் ஹால் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் போர்டு இழுத்துச் சமாளித்தோம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிட்டு இதே யோசனையில் இருப்பவர்கள் ஒரே தடவையில் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எக்ஸ்டென்ஷன் போர்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கார்த்திகைக்கு சீரியல் லைட் போட, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் டிரில் ஓட்ட, சரி. தினமும் ராத்திரி நாலைந்து மணி நேரம் சார்ஜ் போட அது ஆகாது. ஜன்னல் இடுக்கில் ஒயர் நசுங்கும், போர்டு தரையில் கிடக்கும், மழை வந்தால் எழுந்து ஓட வேண்டும்.

அடுத்தது சாதா பாக்ஸ். வீட்டுக்குள் இருக்கிற அதே சுவிட்சும் பிளக்கும்தான், சன்ஷேடுக்குக் கீழே சுவரில் அடித்துவிடுவது. "சன்ஷேடு இருக்குதுங்கண்ணா, சாரல் இங்க வராதுங்க" என்றார் எலக்ட்ரீஷியன். ஹாலில் இருந்த பிளக்குக்கு நேர் பின்னால் சுவரைத் துளைத்து லைன் எடுத்தார், அரை நாளில் வேலை முடிந்தது. வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி காற்றோடு சாரல் அடித்தது, பதினோரு மணிக்கு வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. மெயின் போர்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக லைனை அணைக்கிற சுவிட்ச், விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. ஸ்கூட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் விழுந்தது.

காலையில் பாக்ஸைக் கழற்றினால் உள்ளே பாதி அளவுக்கு எறும்பு மண். எர்த் திருகில் பச்சைக் களிம்பு. மண் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பேஸுக்கும் (கரண்ட் வருகிற ஒயர்) எர்த்துக்கும் நடுவில் கரண்டுக்கு வழி போட்டிருக்கிறது. இதில் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிய வேண்டும். இப்படிக் கசிகிற கரண்ட் மில்லி ஆம்பியர் கணக்கில்தான் இருக்கும், லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ விழுகிற 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான் அதைப் பிடிக்கும். அது இல்லாத வீட்டில் அந்தக் கசிவு அப்படியே இருந்திருக்கும், காலையில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஸ்கூட்டரைக் கழற்றப் போகிறவர் கைக்கு வந்திருக்கலாம். எந்த பாக்ஸ் வாங்கினாலும் சரி, உங்கள் வீட்டில் ஆர்சிசிபி இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், அப்புறம் வெளியே லைன் எடுங்கள்.

இப்போது இருப்பது ஐபி 55 பாக்ஸ். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான எண் அது. முதல் 5 தூசிக்கு, இரண்டாவது 5 குழாயால் பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கு. சாதா பாக்ஸைப் போல மூன்று மடங்குக்கு மேல் விலை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கடையில் காட்டுகிற பல மாடல்களில் அந்த எண் மூடி மூடியிருக்கும்போதுதான் செல்லும். பிளக் சொருகிவிட்டால் மூடி பாதி வாய் திறந்தபடி பிளக்கின் மேல் சாய்ந்து நிற்கும். எப்போதாவது செடிக்குத் தண்ணீர் விட மோட்டார் போடுகிற வீட்டுக்கு அது போதும். ராத்திரி முழுக்க சார்ஜர் சொருகியே இருக்கிற வீட்டில் மழை பெய்கிற நேரமும் பிளக் உள்ளே இருக்கிற நேரமும் ஒன்றுதான், அப்போது திறந்து கிடக்கிற மூடியால் என்ன பிரயோஜனம்? அதனால் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: பிளக்கைச் சொருகிய பிறகும் மூடி முழுசாக மூட வேண்டும், ஒயர் மட்டும் கீழே இருக்கிற வெட்டு வழியாக வெளியே வர வேண்டும்.

இதற்காக சார்ஜரையே பையில் போட்டு டவுனுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மூன்று கடைகளில் சொருகிப் பார்த்தேன். 16 ஆம்பியர் பிளக் பருமனானது, ஒயர் அதன் பின்பக்கமாக நேரே வந்தால் வளைவதற்கு இன்னும் ஆழம் வேண்டும். முதல் இரண்டு கடைகளில் இருந்த எதிலும் மூடி பூட்டவில்லை. மூன்றாவது கடையில் ஆழமான மாடல் ஒன்று இருந்தது, க்ளிக் என்று மூடியது. நீங்களும் பிளக்கைக் கையோடு கொண்டுபோய் மூடிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மாட்டும்போது ஒயர் பைப் மேலிருந்து பாக்ஸுக்குள் இறங்கக் கூடாது, தண்ணீரும் கூடவே இறங்கும். கீழ்ப்பக்கமாக கிளாண்டு (ஒயரைச் சுற்றி இறுக்கி இடைவெளியை அடைக்கிற பிடி) போட்டு ஏற்றச் சொன்னேன். இந்த முறை ஹால் பிளக்கிலிருந்து எடுக்காமல் மெயின் போர்டிலிருந்தே 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் தனி லைன், தனி எம்சிபி. என் சார்ஜர் வெறும் 750 வாட்ஸ்தான், மூன்றேகால் ஆம்பியர் வரும், அதற்கு இது அதிகம். நாளைக்கு கார் கழுவுகிற பிரஷர் வாஷர் வாங்கினால் மறுபடி சுவரை உடைக்க வேண்டாமே.

மச்சான் வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். அங்கே கதை வேறு. மழையே இல்லாத நாளிலும் பனிமூட்டம் சன்ஷேடுக்குள் வந்துவிடும். இறுக்கி மூடிய பாக்ஸுக்குள்ளும் பகலில் சூடான காற்று ராத்திரி குளிரில் நீர் கோத்துவிடுகிறது. அவர் பாக்ஸின் அடியில் தட்டி எடுக்கிற மாதிரி ஒரு சின்ன துளை இருந்தது, அதைத் திறந்துவிட்ட பிறகு உள்ளே நீர் தேங்கவில்லை. எறும்பு ஏறாமல் இருக்க அதில் மெல்லிய வலைத்துண்டு வைத்திருக்கிறார். ஒரு குளிர்காலம்தான் ஆகியிருக்கிறது.

நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டையும் சொல்ல வேண்டும். பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள், வட்டமாக, மூன்று பின்னோடு. சொருகிய பிறகு மூடியின் கொக்கி பிளக்கையே பிடித்துக்கொள்ளும், நல்ல மாடலாகப் பார்த்து வாங்கினால் பிளக் சொருகிய நிலையிலும் தண்ணீர் புகாது. உறுதியில் என் பாக்ஸைவிட அதுதான் மேல். ஆனால் அதில் அதற்கென்று வருகிற பிளக் மட்டும்தான் போகும். சார்ஜரின் பிளக்கை வெட்டி மாற்ற எனக்கு மனசு வரவில்லை, வாரண்டி இருக்கிறது. ஒரே இடத்தில் நிற்கிற மோட்டாருக்கு என்றால் யோசிக்காமல் அதையே போடுவேன்.

என் பாக்ஸ் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது, ஆர்சிசிபி ஒரு தடவைகூட விழவில்லை. பயம் மழையைப் பற்றி இல்லை, வெயிலைப் பற்றித்தான். மேற்குச் சுவர், சித்திரை வெயில் நேராக அடிக்கிறது, மூடியின் ரப்பர் ஓரம் லேசாக வெளுத்திருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்து விரலால் அழுத்திப் பார்க்கிறேன், இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது. அந்த ரப்பர் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.