பிளாட்டினமா, தொட்டிக்கரியா?

ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்துக் கரண்டு எடுக்கிற ஃப்யூயல் செல்லின் காற்றுப் பக்கத்துக்கு எந்த வினையூக்கி (வினையை வேகப்படுத்தும் பொருள்) என்று கோவையில் ஒரு வருடம் இழுத்தடித்து, கடைசியில் காங்கேயத்துத் தேங்காய்த் தொட்டிக்கரியில் வந்து நின்றோம். மூட்டை கட்டிக் கொடுத்தவர், "இதுல எப்படிங்க கரண்டு வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

செல்லில் மந்தமான வேலை ஆக்சிஜனைத் தண்ணீராக்குவது. அதற்கு நான்கு எலக்ட்ரான் வேண்டும். இரண்டோடு நின்றுபோனால் ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். வம்பு அங்கிருந்துதான் ஆரம்பம்.

பிளாட்டினத்தின் விலை ஊரறிந்தது. ஆனால் கரியில் 20 சதவீதம் ஏற்றிய அந்தப் பொடியை மையாக்கித் தடவினால் முதல் நாளே வேலை செய்யும். உழைத்து ஓய்ந்த பிறகும் உள்ளே இருக்கும் உலோகத்துக்கு விலை உண்டு, நகைப் பட்டறைத் தூசிபோல. எங்கள் கரிக்கு அந்த மரியாதை கிடையாது. மாங்கனீசு டை ஆக்சைடும் மலிவு. காது மெஷின் பேட்டரியில் இருப்பதுதான், காரக் கரைசலில் நன்றாக ஓடும். நாங்கள் இரண்டு தடவைதான் தடவிப் பார்த்தோம், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இனி நம்ம கரி. வெறும் தொட்டிக்கரியில் துளைகள் மிகச் சின்னவை, ஆக்சிஜன் உள்ளே போய்வரத் திணறும். துத்தநாகக் குளோரைடு போட்டுச் சுட்டுத் துளையை அகட்டினோம். அப்புறம் நைட்ரஜனுக்கு மெலமைன், இரும்புக்கு இரும்புக் குளோரைடு சேர்த்து அரைத்து, குழாய் உலையில் நைட்ரஜன் ஓட்டத்தில் 900 டிகிரி செல்சியஸில் சுட்டோம். முதல் தடவை குழாய் மூட்டில் காற்றுக் கசிந்து, பொடி வைத்த படகு வடிவத் தட்டில் மிஞ்சியது ஒரு சிட்டிகைச் சாம்பல். தேறி வந்த பொடியின் குப்பிக்கு அடியில் காந்தத்தை வைத்தால் பொடி துள்ளும். அது வேண்டாத இரும்புத் துகள். கந்தக அமிலத்தில் கழுவக் கழுவத் துள்ளல் அடங்கும், முழுக்க நிற்காது. நமக்கு வேண்டியது நான்கு நைட்ரஜன் பிடித்துவைத்த தனி இரும்பணு. 1964-லேயே ஜசின்ஸ்கி என்ற ஆய்வாளர், நான்கு நைட்ரஜன் நடுவே கோபால்ட் அணு உட்கார்ந்த கோபால்ட் தாலோசயனின் என்ற சேர்மத்தை வைத்து இந்த வழியைக் காட்டிவிட்டார்.

எங்கள் முதல் அளவீடு பிரமாதமாக வந்தது. சந்தேகப்பட்டுப் பார்த்தால், சோதனைக் கலத்தில் கரிக்கு எதிரே சுற்றை முடிக்க வைத்த மின்முனை பிளாட்டினக் கம்பி! அது கரைந்து நம்ம கரிமேல் படிந்தால் பெருமை யாருக்குப் போகும்? கிராஃபைட் குச்சிக்கு மாற்றி எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். வளைகோடு கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் காரத்தில் பிளாட்டினத்துக்குப் பக்கத்தில்தான் நின்றது.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது விலையும் இல்லை, வேகமும் இல்லை, எத்தனை காலம் உழைக்கும் என்பதுதான். இரு மின்முனைகளுக்கு நடுவே அமிலத் தன்மையுள்ள சவ்வு வைத்த செல்லில், கரியிலிருந்து இரும்பு கசியும். கசிந்த இரும்பு பெராக்சைடைச் சந்தித்தால் தனி உறுப்புகள் (free radicals, எதையும் தாக்கும் துடிப்பான மூலக்கூறுத் துண்டுகள்) பிறந்து கரியையும் சவ்வையும் சேர்த்தே அரிக்கும். போதாக்குறைக்குப் பிளாட்டினத்தைப்போலப் பத்து மடங்கு கரி தடவ வேண்டும். அடுக்கு தடித்துத் தண்ணீர் தேங்கும். காரத்தில் இந்த அரிப்பு வெகுவாகத் தணிகிறது. அதனால்தான் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசல் நிரப்பிய செல்லைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கும் பராமரிப்பு உண்டு: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே போனால் காரத்தோடு சேர்ந்து கார்பனேட் உப்பாகி மின்முனையில் வெள்ளையாகப் பூக்கும். காற்று நுழைகிற இடத்தில் அதை உறிஞ்சச் சோடா சுண்ணாம்பு நிரப்பிய பாட்டில் வைத்திருக்கிறோம், பூப்பதற்குள் மாற்ற வேண்டும். பிளாட்டினம் போட்டாலும் இந்த வேலை மிச்சமாகாது.

எங்கள் செல் தொடர்ந்து ஓடியது 300 மணி நேரத்துக்குள்தான். காருக்கு 5,000 மணி நேரமாவது கேட்கிறார்கள். அமிலச் சவ்வுதான் வேண்டும் என்றால் யோசிக்காமல் பிளாட்டினமே வாங்குங்கள். காரக் கரைசல் செல் என்றால், காங்கேயம் பக்கம் போகிறபோது ஒரு மூட்டை எடுத்து வாருங்கள்.